ஆக்ஸிடோசின் மட்டுமா?
பாச ஹார்மோன் என்று சொல்லப்படும் ஆக்ஸிடோசின்தான் குட்டிக் குரங்கை மற்றவர்களோடு பழக வைக்கிறது என்று இங்கே வந்த கட்டுரை ஒரே போடாகப் போடுவது கொஞ்சம் அதிகம். 2014இல் வெளியான ரீசஸ் குரங்கு ஆய்வில், அதை முகரவைத்ததும் குட்டிகள் நட்பாக உதட்டைச் சப்புக்கொட்டுவது கூடியது, உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்தது, சரி. ஆனால் முகபாவனையைப் பார்த்து நன்றாகத் திருப்பிச் செய்த குட்டிகளிடம்தான் பலன் அதிகம். அவையும் தாயிடமிருந்து பிரித்து மனிதர்கள் வளர்த்தவை. அப்புறம், வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே? கிண்டி ஐஐடி வளாகத்து நாட்டுக் குரங்குகளைப் பாருங்கள். இன்னொரு பெண்குரங்கு குட்டியின் காலைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொள்ளும், தாய் பாட்டுக்கு இலை மென்றுகொண்டிருக்கும். ஆனால் பன்றிவால் குரங்கு என்ற இன்னொரு வகையில், தாய் குட்டியை லேசில் விடாது. கட்டுரைக்கான பின்னூட்டத்தில் 'பிள்ளைக்கும் இந்த ஆக்ஸிடோசின் ஸ்பிரே கிடைக்குமா' என்று கேட்டவர் அவசரப்பட வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.