40 பார்சலும் 11 பேரும்

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று இரவு நம் விளையாட்டுக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்த வொய்ஸ் மெசேஜைக் கேட்ட பிறகு முடியவில்லை. எந்த வொய்ஸ் என்று குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒன்றே முக்கால் நிமிடம். அதில் கழகத்தின் வளர்ச்சி, வெளிப்படைத்தன்மை என்றெல்லாம் வந்தாலும் கேட்க வந்தது ஒன்றுதான்: "மிஞ்சின பார்சல் எல்லாம் ஆர்ர வீட்ட போன?"

சரி, கணக்குச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானச் சிரமதானத்துக்கு, அதாவது ஊர் கூடிக் கூலியில்லாமல் துப்புரவாக்கும் வேலைக்கு, வருகிறோம் என்று குழுவில் பெருவிரல் போட்டவர்கள் 37 பேர். ஒவ்வொரு விரலாக எண்ணினேன். எண்ணாமல் சாப்பாட்டுக்குச் சொல்ல முடியாது. ட்ரக்டர்க்காரர், புல்லு வெட்டும் மெஷின் தம்பி, அவனோடு வரும் பொடியன், இவர்களையும் சேர்த்து 40 பார்சல். விரல் போட்டவர்களில் வந்தது 9 பேர். அதோடு குழுவிலேயே இல்லாத இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். ஆக 11. ட்ரக்டர், மெஷின் ஆட்களோடு சாப்பிட்டவர்கள் 14 பேர். மிஞ்சியது 26. அதில் 12 சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரருக்கு, 8 கோயிலடியில் இருந்தவர்களுக்கு, 6 சமைத்த அக்கா வீட்டுக்கே திரும்பிப் போனது. என் வீட்டுக்கு வந்தது சேறு பிடித்த சேட்டு ஒன்று.

போதுமா?

நான் கோபப்படுவது வராததற்கு இல்லை. வராமல் இருக்க ஆயிரம் காரணம் இருக்கும். வயல் வேலை இருக்கும், செத்தவீடு இருக்கும், ஆறு நாள் கடையில் நின்றவனுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் நித்திரை. அதையெல்லாம் விளங்காத ஆள் நான் இல்லை. வரமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் கேட்கிறேன். "அண்ணன், என்னால ஏலாது" என்று அடிக்க எத்தனை நேரம் போகும்? விரல் போடும் அதே நேரம்தான். சொல்லியிருந்தால் 15 பார்சலோடு முடித்திருப்பேன். அந்த அக்கா விடிய 3 மணிக்கு எழும்பி 40 பேருக்கு உலை வைத்திருக்க மாட்டா.

சிரமதானம் என்றால் நாலு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொத்துவது என்று நினைக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு கிழமை வேலை இருக்கிறது. கோயில் சடங்கு, ஊரில் கல்யாணம், அயல் ஊர்க் கழகத்தின் சுற்றுப்போட்டி எதுவும் மோதாத நாள் பார்க்க வேண்டும். கிராம சேவகருக்குச் சொல்ல வேண்டும். ட்ரக்டருக்கு முற்பணம், மெஷினுக்குப் பெற்றோல். மண்வெட்டி ஐந்து வீட்டில், கத்தி மூன்று வீட்டில், அலவாங்கு (கடப்பாரை) கோயிலில். யாரிடம் எது வாங்கியது என்று கொப்பியில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருவருக்கொருவர் முகம் கொடுக்க மாட்டார்கள். எருக்கலைப் பற்றைக்குள் புடையன் பாம்பு கிடக்கும், முதலில் கம்பால் தட்டிப் பார்க்காமல் ஒரு பிள்ளையையும் இறக்கக்கூடாது. இவ்வளவுக்கும் நடுவில் ஒருவர் கேட்கிறார், பிளேன்ரீக்கு இஞ்சி போட்டதா என்று.

"பிரதேச சபையிடம் சொன்னால் மண் வெட்டும் பெக்கோ மெஷின் தருவார்களே, இதற்கு ஏன் இந்தக் கூத்து?" இதுவும் வந்தது. கடிதம் கொடுத்தோம். பதில் வரும்போது வரட்டும். மழை அதுவரை நிற்குமா? ஐப்பசி பிறந்து வாடைக்காற்று மாறினால் வாவிப் பக்கம் போகும் கானில் (வடிகாலில்) தண்ணீர் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் தை வரைக்கும் நம்முடைய மைதானம் குளம்தான். போன வருடம் கோல் கம்பத்தடியில் தூண்டில் போட்டவர்களை மறந்துவிட்டீர்களா? படம் எடுத்துச் சிரித்தோமே. தேங்கிய தண்ணீரில் நுளம்பு வந்தால் அதற்கும் கடிதமா எழுதுவது?

மைத்துனன் ஒருவன் கனடாவில் இருக்கிறான். அங்கே துவக்குச் சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினன். விளையாட்டுக்குத்தான், கடதாசி இலக்கைச் சுடுவது. துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாமார் கதவைச் சாத்திய ஊரில் பிறந்தவன் காசு கட்டிச் சுடுகிறான், அது வேறு கதை. அவனிடம் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். அவர்களுக்கும் வருடத்தில் வேலை நாள் உண்டாம். இலக்குச் சட்டங்களைத் திருத்துவது, வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்குவது, இலக்குக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கும் மண் அணை கரைந்திருந்தால் மண் போட்டு உயர்த்துவது. ஆட்கள் அணைப் பக்கம் நிற்கும் நேரத்தில் துவக்கு ஒன்றும் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. முக்கியமானது இதுதான்: ஒவ்வொருவரும் வருடத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று கணக்கு. செய்யாதவனுக்கு அடுத்த வருடச் சந்தா கூடும். சண்டையில்லை, வொய்ஸ் இல்லை.

அதை நம் குழுவில் எழுதினேன். ஐயோ! "சிரமதானம் என்றால் தானம், தானத்துக்குத் தண்டமா?" என்று தர்ம உபதேசம். சர்வோதயத்தின் ஆரியரத்ன 1958இல் கொழும்புப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போய்த் தொடங்கியது, உழைப்பை விரும்பிக் கொடுப்பதுதான் அதன் உயிர் என்று ஒரு படித்த தம்பி விளக்கம் தந்தார். உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தம்பியும் விரல் போட்டவர், ஞாயிற்றுக்கிழமை அவருடைய உயிர் வீட்டில் படுத்திருந்தது. இந்த வாதத்துக்கு இதற்கு மேல் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

2004 சுனாமிக்கு அடுத்த நாள்கள் ஞாபகம் வருகிறது. கரையோரம் கிணறெல்லாம் உப்பு, வளவெல்லாம் சேறு. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து ட்ரக்டர் பெட்டியில் சோற்றுப் பார்சல் வந்தது. யார் கட்டியது, எத்தனை கட்டியது, ஒருவருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் இல்லை, விரல் இல்லை. அந்தப் பெட்டியில் வந்தவர்களே இறங்கி எங்கள் கிணற்றை இறைத்தார்கள். மிஞ்சின பார்சல் எங்கே என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு முதல், 1978 சூறாவளிக்குப் பிறகு விழுந்த தென்னைகளை வெட்டி ஊர்ப் பாதையைத் திறந்தது ஊர்ச் சனம்தான் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சுனாமியையும் புல்லு வெட்டுவதையும் ஒன்றாக்காதே என்பீர்கள். ஆக்கவில்லை. அழிவு வந்தால்தான் கூடுவோம் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மட்டக்களப்பு டவுனுக்குப் போனால் வெபர் மைதானத்தைக் கடந்துதான் போகிறோம். 1947இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹரோல்ட் வெபர் பாதரின் பெயர் அது. 1998இல் கண்மூடும்வரை மட்டக்களப்புப் பிள்ளைகளின் விளையாட்டோடு கிடந்த மனுசன். எங்கேயோ பிறந்தவருக்கு ஐம்பது வருடம் இருந்தது. இங்கே பிறந்தவனுக்கு ஒரு ஞாயிறு காலை இல்லை.

"உனக்குச் செயலாளர் பதவி வேணும், அதுதான் துள்ளுகிறாய்." இதையும் ஒருவர் தனியாக அனுப்பியிருந்தார். பதவியில் என்ன இருக்கிறது? ஸ்டோர் அறைத் திறப்பு ஒன்று. அதுவும் மழைக்குத் துருப்பிடித்தது. வேண்டுமென்றால் இன்றைக்கே வந்து எடுங்கள்.

உண்மையைச் சொன்னால் பார்சல் கேள்வியும் பெரிதாக வலிக்கவில்லை. அதைக் கேட்டது யார் என்பதுதான். அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது நான். ஒரு நம்பர் பெரிசு, முன்னுக்குப் பஞ்சு வைத்து விளையாடினான். எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவனுக்கும் இருக்கும். அவன் விரல் அந்த 37இல் நான்காவது.

சரி, விடுவோம். கானில் முக்கால்வாசி வெட்டியாகிவிட்டது, மேற்குப் பக்கம் பத்துப் பதினைந்து யார் நீளம் வெட்டாமல் கிடக்கிறது. வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு நான் போவேன். விரல் போட வேண்டாம். பார்சலும் இல்லை, பாணும் சம்பலும்தான், அதுவும் வந்தவர்களை எண்ணிய பிறகு வாங்கப்படும்.

இன்னொன்று. கோயில் அலவாங்கு இன்னும் திரும்பி வரவில்லை. கொப்பியில் என் பெயரில்தான் இருக்கிறது. எடுத்தவர் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முதல் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், கோயிலைப் பொறுப்பாகப் பார்க்கும் வண்ணக்கர் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.