கே. பி. சுந்தராம்பாள்: மேடையே முதன்மை

‘கே. பி. சுந்தராம்பாளின் கலை வாழ்வு திரைப்படத்தில்தான் தொடங்கியது, அவருடைய நாடக நாட்களின் தடயம் எதுவும் மிஞ்சவில்லை’ என்று ஒரு கருத்து எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு கூற்றுகளும் சரியல்ல.

கொடுமுடியில் 1908-இல் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோதே நாடக மேடை ஏறியவர். 1935-இல் அவருடைய முதல் படமான ‘நந்தனார்’ வெளிவந்தபோது, தமிழகத்திலும் இலங்கையிலும் ரசிகர்கள் அறிந்த மேடைப் பாடகியாக அவர் ஏற்கெனவே விளங்கினார். அவருடைய கணவரும் புகழ்பெற்ற நாடகப் பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பா முருகனாகவும் இவர் வள்ளியாகவும் நின்று பாடிய ஸ்பெஷல் நாடகங்கள் (வெவ்வேறு இடங்களிலிருந்து நடிகர்களைத் தனித்தனியே அழைத்து நடத்தியவை) 1933-இல் கிட்டப்பாவின் மறைவோடு முடிந்துவிட்டன. ஆகவே அந்த இணையின் புகழ் முழுவதும் மேடை தந்தது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்கும்படி உச்ச சுருதியில் பாடிப் பழகிய குரல் அது; பிற்காலத்தில் ‘ஔவையார்’ படத்தில் நாம் கேட்டு வியக்கும் கம்பீரமும் அந்தப் பழக்கத்தின் விளைவே என்பது என் எண்ணம்.

தடயம் என்றால் இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஆனால் அன்றைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பதியும் என்பதால், மேடையில் ரசிகர்களின் வேண்டுகோளுக்கேற்ப நீண்டுகொண்டே போன விருத்தமும் (தாளமின்றி ராகத்தில் விரித்துப் பாடும் செய்யுள்) எதிர்ப்பாட்டும் (ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டாலேயே தரும் பதில்) அவற்றில் சுருங்கிப்போயின. உண்மையில் நாம் இழந்தது அந்த விரிவையும் வசனத்தையும் மெய்ப்பாட்டையும்தான், அவருடைய குரலை அல்ல. பழைய தட்டுகளை வைத்திருப்பவர்கள் அவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றும்போது, உறையிலும் மையச் சீட்டிலும் உள்ள எண்களையும் பக்கவாத்தியக் குறிப்புகளையும் சேர்த்தே படமெடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.