பேராதனைப் பூங்காவும் எங்கள் தோட்டங்களும்

கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பேராதனைத் தாவரப் பூங்காவுக்குப் போனவர்கள் போடும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். ஓர்க்கிட் வீடு, நெடுநெடுவென்று நிற்கும் பனை வரிசை, மகாவலிக்கு மேலே ஆடும் தொங்கு பாலம், பெரிய புல்வெளியில் கிளை பரப்பிக் கிடக்கும் ஜாவா அத்தி. குறை சொல்லவில்லை, அந்த அத்திக்கடியில் நானும் படம் எடுத்தவன்தான். ஆனால் மலையகத்தில், தோட்டத் தொழிலாளர் வழியில் பிறந்த ஒருவர் அங்கே போய் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் எனக்கு மனசு கேட்பதில்லை. நம் ஆட்கள் இந்த மலையில் வேர்விட்ட கதையில் பாதி அந்த 147 ஏக்கருக்குள் நடந்தது.

மூன்று பக்கமும் ஆறு வளைத்து ஓடும் அந்த நிலம் கண்டி மன்னர்களின் உல்லாசத் தோட்டமாக இருந்தது. 1815இல் கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போனது. கொழும்பிலும் களுத்துறையிலும் ஏற்கெனவே தாவரத் தோட்டம் போட்டுப் பார்த்தவர்கள், 1821இல் அலெக்சாண்டர் மூன் தலைமையில் பேராதனைக்கு வந்தார்கள். வந்ததும் நட்டவற்றில் கோப்பியும் கறுவாவும் முக்கியம். ரசிக்க நட்டதல்ல, காசுக்கு நட்டது! அதே 1820களில் ஆற்றுக்கு அக்கரையில், கன்னொறுவையில், ஆளுநர் பார்ன்ஸ் கோப்பித் தோட்டம் திறந்தார். அந்தக் காலத்தில்தான் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் தோட்ட வேலைக்கு வரத் தொடங்கினார்கள்.

கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் பழம் பறிக்கும் காலத்தில். அதனால் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் பலர், வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வழியிலேயே செத்துப் போனவர்களும் ஏராளம்.

1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. இலையைப் பேராதனைக்கு அனுப்பினார்கள். அப்போது அங்கே பொறுப்பில் இருந்த த்வெயிட்ஸ் இது சாதாரண நோயல்ல என்று எச்சரித்தார். விலை நன்றாக இருந்ததால் தோட்டம் நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் காதில் போட்டுக்கொள்ளவில்லை, இன்னும் காட்டை வெட்டிக் கோப்பியே நட்டார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் வந்து, ஒரு பூஞ்சணம் இலையைத் தாக்கிப் பரவும் விதத்தை விளக்கினார். விளக்கி என்ன, அதற்குள் கோப்பி முடிந்த கதை.

தேயிலையும் பேராதனை வழியாகத்தான் வந்தது. 1839இலேயே கல்கத்தாவிலிருந்து அங்கே கொண்டுவந்திருந்தார்கள், அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை பேராதனையில் விதை வாங்கி முதலில் பாதையோரம் நட்டுப் பார்த்தார், அப்புறம்தான் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் தேயிலை போட்டார். காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரத்துக்கு 1861இல் ஹக்கலையில் ஒரு கிளைத் தோட்டம், 1876இல் வந்த இறப்பர் கன்றுகளுக்குக் கம்பஹா பக்கம் ஹெனரத்கொட.

தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். வந்து போகிற ஆள் போதாது, குடும்பமாகத் தங்கும் ஆள் வேண்டும். அவர்களை அடைத்து வைத்த வரிசை வீடுகளான லயங்கள் பெருகின. ஒரு பூஞ்சணம் வந்திருக்காவிட்டால் என் பூட்டி எந்த ஊரில் பிள்ளை பெற்றிருப்பாள் என்று சில நேரம் யோசிப்பேன்.

வழிகாட்டிகளோ நேரே நாகலிங்க மரத்தடிக்குத்தான் கூட்டிப் போவார்கள். 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் நட்டதாம். சரி, ஒரு பிடி மண் தள்ளியிருப்பார், அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றியது யார்? 1944இல் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் போர்த் தலைமையகத்தை அங்கே வைத்ததையும் சொல்வார்கள். எனக்கு அதைவிட ஹர்மானிஸ் டி அல்விஸ் பெரிய ஆள். முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து செடிகளை இலை இலையாக வரைந்த உள்ளூர் ஓவியர். அவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

2023இல், நம் முன்னோர் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நினைவில் பேராதனைக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஒரு கோப்பிச் செடி, பக்கத்தில் ஒரு தேயிலைச் செடி, ஒன்று போய் மற்றது வந்தபோது யார் யார் வாழ்க்கை மாறியது என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை. பெரிய செலவில்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் வாசலுக்குக் கிட்ட இருக்கும் வாசனைத் திரவியத் தோட்டத்தில் தொடங்குங்கள். சாதிக்காயையும் கறுவாவையும் காட்டிக் கதையை ஆரம்பித்தால் பிள்ளைகள் கேட்பார்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள், வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். வௌவால் கூட்டம் தொங்கும் மரத்தடியில் மட்டும் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்க்க வேண்டாம்.