காய்ச்சலை மறைத்தவர்கள்

கொரோனா காலத்தைப் பற்றிக் கதை வந்தால் கொழும்பில் ஒரு வசனம் தப்பாமல் வரும்: "வடகொழும்புச் சனம்தான் நோயை மறைச்சுப் பரப்பினது." மறைத்தார்கள், பொய்யில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் மறைத்தார்கள். அந்தக் கணக்கில் பிழையுமில்லை.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்று வெடித்துப் பரவிய பிறகு வடகொழும்பில் மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் எல்லாம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அங்கே ஒரு தோட்டத்து வீட்டை எடுங்கள் (கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலை அல்ல, சின்னச் சின்ன வீடுகள் நெருங்கிக் கிடக்கும் குடியிருப்பு). பத்துக்குப் பத்து அறை, அதற்குள்ளேயே குசினி. குழாயும் கக்கூசும் பொது. வீட்டுக்காரர் புறக்கோட்டையில் நாட்டாமி. மூட்டை தூக்கிய நாளுக்குத்தான் கூலி. அவருக்குச் செவ்வாய்க்கிழமை தடிமனும் காய்ச்சலும். பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொன்னால் பி.சி.ஆர். சோதனை, முடிவு வரும்வரை அடைப்பு, பொசிட்டிவ் என்றால் அவர் சிகிச்சை நிலையத்துக்குப் போக, வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல். 14 நாள் ஒருவருக்கும் உழைப்பில்லை. பொதுக் குழாயடியில் அக்கம்பக்கத்தின் முகமும் மாறும். சொல்லாவிட்டால்? இரண்டு பனடோல், அடுத்த நாள் வேலை. நீங்கள் என்றால் எதைத் தெரிவு செய்வீர்கள்?

முஸ்லிம் வீடுகளில் இதற்கு மேல் இன்னொரு பயம். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. 2021 மார்ச்சில்தான் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. வாப்பாவை எரித்துவிடுவார்கள் என்று நினைக்கும் வீடு அவரை ஆஸ்பத்திரிக்கு எப்படி நேரத்தோடு கொண்டுபோகும்?

நேரம் தவறியதுதான் ஆளைக் கொன்றது. இந்த நோயில் 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் ஒட்சிசன் சத்தமில்லாமல் இறங்கும். ஆள் கதைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பார். 2021இல் டெல்டா வகை பரவிய நேரம், விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் வீதத்தைப் பார்க்கும் ஒக்சிமீற்றர் வாங்கிய வீடுகளிலும் அதைப் பாவித்த விதம் பிழை. ஐந்து நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, சூடான விரலில், கியூடெக்ஸோ மருதாணியோ இல்லாத நகத்தில் மாட்ட வேண்டும். முதலில் வரும் இலக்கத்தைக் குறிக்கக் கூடாது. அது ஒரு நிலைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். 94க்குக் கீழே என்றால் காத்திருக்கக் கூடாது. 96 என்று இருந்தாலும், அறைக்குள் சில நிமிடம் நடந்த பிறகு 3 குறைந்தால் அதுவும் ஆபத்து. எங்களைப் போன்ற கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதைப் பெட்டியில் யாரும் எழுதி ஒட்டவில்லை.

நாங்கள் காசு கொட்டியது எதில்? வீதிக்குக் குளோரின் அடிப்பதில். அழுக்கில் பட்டதும் குளோரின் வீரியம் இழந்துவிடும், வீதியால் நோய் பரவவும் இல்லை. வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றியில் வெப்பமானி பிடித்தோம். கடைக்குள் ஸ்பிளிட் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்தினோம். அது வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, உள்ளே இருமியதையே குளிராக்கித் திருப்பித் தரும். எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து, ஒன்றில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்திருந்தால் போதும்.

நிவாரணமும் அப்படித்தான். 2020 ஏப்ரலிலும் மேயிலும் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். லீசிங் தவணையைத் தள்ளிப்போட்டதைச் சலுகை என்றார்கள். ஒரு திரீவீலுக்கு மீதி 4 லட்சம், ஆண்டு வட்டி 20 வீதம் என்று வையுங்கள். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி 40,000. அதை முதலோடு சேர்த்து 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதத் தவணை ஏறக்குறைய 2,000 ரூபாயால் கூடும். ஓட்டம் இல்லாத ஆறு மாதத்துக்கான வட்டியை ஓட்டுநர்தான் கட்டினார். அதற்குள் 2022 வந்து பெற்றோல் வரிசையில் நிறுத்தியது.

அடுத்த தொற்றுக்குச் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. பி.சி.ஆர். எடுத்த அன்றே, முடிவு வருமுன், 14 நாள் கூலி கையில் கிடைக்க வேண்டும். அதற்கு இப்போதே பட்டியல் வேண்டும், அதில்தான் பெரிய ஓட்டை. ஒரே விலாசத்தில் மூன்று குடும்பம், பதிவு ஒன்று. மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டை அறையில் தங்கும் பொடியன்மாரின் பதிவு ஊரில். இங்குள்ள கிராம உத்தியோகத்தரின் கொப்பியில் அவர்கள் இல்லை. வாக்காளர் இடாப்பை வைத்துக்கொண்டு இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. யாரிடம் எத்தனை நாட்டாமிமார் வேலை செய்கிறார்கள் என்று கடைக்கார முதலாளிமாருக்குத் தெரியும். பெயரும் தெரியும், எந்த அறையில் யார் என்றும் தெரியும். அவர்களிடம் இதுவரை யாராவது கேட்டார்களா?