தண்ணீரில் மிதக்க விடுவதற்குப் பெயர் சிகிச்சையா?

என் மகள் நீச்சல் குளத்தில் தண்ணீர் சிகிச்சை எடுக்கும் படத்தை நேற்று போட்டேன். அதற்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். திரும்பச் சொல்லப்போவதில்லை. "குளத்துல மிதக்க விடுறதுக்குப் பேரு சிகிச்சையா, நல்லா ஏமாத்துறாங்க" என்று எழுதியவரைக்கூட விட்டுவிட்டேன். அதற்கு விழுந்த சிரிப்பு பொம்மைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். 41.

ஆமாம் ஐயா, சிகிச்சைதான். கழுத்தளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். தலையை நிமிர்த்தி வைக்கவே திண்டாடும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! தண்ணீர் 33லிருந்து 35 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். அப்போதுதான் இறுகிக் கிடக்கும் தசை இளகும். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் விறைத்துக்கொள்ளும். இது நேற்று முளைத்த ஏமாற்று வேலையும் இல்லை. 1949இலேயே லண்டனில், மாற்றுத்திறனாளிப் பெண் பிள்ளைகள் படித்த ஹாலிவிக் பள்ளி மாணவிகளுக்கு ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பொறியாளர் தொடங்கிவைத்த நீச்சல் முறை இன்றும் நடக்கிறது. மிதவை கிடையாது, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்.

என் மகளுக்கு 12 வயது. பெருமூளை வாதம், அதாவது மூளை பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காத நிலை; அதிலும் கடுமையான வகை. வலது கை எப்போதும் மூடியே இருக்கும்; நகம் வெட்ட, உள்ளங்கையைத் துடைக்க இரண்டு பேர் வேண்டும். முதல் நாள் தண்ணீரில் இறக்கியபோது பயத்தில் என் சட்டையைக் கடித்துக்கொண்டாள். ஏழெட்டு நிமிடம் அப்படியே போனது. அப்புறம் அந்தக் கை மெதுவாக விரிந்து தண்ணீர்மேல் கிடந்தது. தெரபிஸ்ட் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெளியே தூக்கித் துவட்டி முடிப்பதற்குள் மறுபடி மூடிக்கொண்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதிசயம் என்று கதை விடுகிறான் என்பீர்கள்.

"ஆதாரம் எங்கே?" ஆய்வுகள் பலவும் சின்னவை, முடிவுகளும் கலவையானவை. ஒத்துக்கொள்கிறேன். "ஆபத்தில்லையா?" கட்டுப்படாத வலிப்பு, ஆறாத புண், காய்ச்சல் என்றால் இறக்கவே மாட்டார்கள். மூச்சு பலவீனமான பிள்ளைக்கு நெஞ்சை அழுத்தும் தண்ணீரே சுமைதான். தெரியாமலா இறக்குகிறோம்? "குளம் அசுத்தமாகிவிடாதா?" இதற்குப் பதில் கிடையாது. உங்கள் வீட்டு மூன்று வயது வாண்டு குளத்தில் என்ன செய்கிறது என்று நாங்கள் கேட்டோமா?

அரை மணி நேரத் தண்ணீருக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேர வேலை. 26 கிலோவைத் தூக்கி, உடை மாற்றி, ஈரத்தில் வழுக்காமல் நடந்து பார்த்துவிட்டு வந்து சிரிப்பு பொம்மை போடுங்கள்.

சரி, வெறும் விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளை குளத்தில் குதிக்கும்போது டாக்டர் சீட்டைக் காட்டச் சொன்னது யார்? என் பிள்ளை சிரிப்பதற்கு மட்டும் ஆய்வு முடிவு வேண்டுமா? இவ்வளவு நேரம் டிகிரி, பங்கு என்று உங்களிடம் கணக்கு ஒப்பித்ததை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாள் முழுக்க அவளை யாராவது நகர்த்துகிறோம், திருப்புகிறோம், உட்கார வைக்கிறோம். தானாகக் காலை உதைக்க அவளுக்கு வாய்க்கும் இடம் அது ஒன்றுதான்.

அப்புறம், "பாவம், குழந்தை வலியில் கத்துகிறதே" என்று உருகியவருக்கு: அது வலி இல்லை. நேரமாகிவிட்டது, வெளியே போகலாம் என்றேன். அதற்கு எனக்கு விழுந்த திட்டு அது.