ஹோப் காலேஜில் காலேஜ் இல்லை

வெளியூர் நண்பர்கள் யாராவது ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இறங்கி, காலேஜ் எங்கே என்று தேடினால் சிரித்துவிடாதீர்கள். 1945-இல் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஆரம்பித்த கல்லூரி, பெயரும் இடமும் மாறி தடாகம் ரோட்டில் ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) ஆகிவிட்டது. பெயர் மட்டும் அவிநாசி ரோட்டிலேயே தங்கிவிட்டது. எங்கள் கோயமுத்தூரில் முக்கால்வாசிப் பெயர்கள் இந்த ரகம்தான். பங்கஜா மில் ரோடு உண்டு, பங்கஜா மில் ஓடவில்லை. "லட்சுமி மில்ஸ் எறங்குங்க" என்று கண்டக்டர் சொன்னால், இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஷாப்பிங் போகிறவர்கள்.

இதை எழுத வைத்தது, சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் வந்த ஒரு ஃபார்வர்டு. "கோயமுத்தூர்க்காரன் ரத்தத்திலேயே தொழில் ஊறியிருக்கு" என்று. ரத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. சுற்றிலும் கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் மில் போட்டார். 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. மில் மெஷினுக்குப் பல்சக்கரம் வார்க்க பவுண்டரி, கடைந்து கொடுக்க லேத் பட்டறை. கிணறோ ஆழம், மழையோ குறைவு, அதனால் தோட்டத்துக்கு மோட்டார் வேண்டியிருந்தது. ஒரு தொழில் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. மாவாட்டும் கிரைண்டர்கூட அந்த வழியில் பிறந்ததுதான். ஜி.டி. நாயுடு போன்றவர்களின் மூளையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மெஷினுக்கு முன்னால் நின்றவர்கள் அந்த ஃபார்வர்டில் எங்கே?

எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) மில்லில் ரீலிங்கில், அதாவது நூல் சுற்றும் பிரிவில், வேலை பார்த்தவர். முதல் சங்குக்கு எழுந்திரிப்பு, இரண்டாவதுக்குத் தூக்குப் போசியோடு நடை, மூன்றாவது ஊதினால் கேட் சாத்திவிடுவார்கள். பழைய சோறும் சின்ன வெங்காயமும். சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து தலையை அவிழ்த்தால் பஞ்சு உதிரும். சீப்பில் சிக்கியதை உருட்டி உருட்டி வைப்பார், "வெளக்குத் திரிக்கு ஆகும் கண்ணு" என்று. மில் நின்று பல வருடம் கழித்தும் அந்த நேரத்துக்கே விழித்துக்கொள்வார். வீட்டில் கடிகாரம் வாங்கியதே பேரப்பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான்.

அம்மாயி பொட்டுக் கண்ணீர் விடாமல் சொல்லும் கதை ஒன்றுண்டு. கோவையை ஒட்டிய சின்னியம்பாளையம். ரங்கவிலாஸ் மில்லில் பெண் தொழிலாளி ஒருவருக்கு நடந்த கொடுமையும், அதைத் தொடர்ந்து விழுந்த ஒரு கொலையும். அந்தக் கொலை வழக்கில் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்ற நான்கு தொழிலாளர்களை 1946 ஜனவரி 8 அன்று கோவை ஜெயிலில் தூக்கில் போட்டார்கள். விடுதலைக்கு இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. இன்றும் ஜனவரி 8 சின்னியம்பாளையத்தில் நினைவு நாள். என்னோடு படித்தவர்களில் அந்த நால்வரில் ஒருவர் பெயர் தெரிந்தவரைக்கூட நான் பார்த்ததில்லை. முதலாளிகள் பெயரில் ரோடு, காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாம் இருப்பதால் அவை தானாக வாயில் வந்துவிடுகின்றன.

நலிந்த மில்களை 1974-இல் அரசு எடுத்து என்.டி.சி. (தேசிய ஜவுளிக் கழகம்) வசம் விட்டது. 2020 மார்ச்சில் லாக்டவுனுக்காக நிறுத்தியவர்கள் அப்புறம் பழையபடி ஓட்டவே இல்லை. கேட்டுக்கு வெளியே சங்கத்துக் கொடி மட்டும் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

சரி, அந்த குரூப்புக்கு வருகிறேன். மாமா ஒருவர் அடுத்த மெசேஜ் போட்டார், "வடக்கன் வந்து ஊரே கெட்டுப் போச்சு." பவுண்டரியில் உருகிய இரும்பை ஊற்றுகிற பீகார், ஒடிசா பையன்களைத்தான் சொல்கிறார். மாமாவின் அப்பா தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு துணி மூட்டையோடு வந்து, மில் கேட்டில் பதிலி வேலைக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர். லைன் வீட்டில் ஒரே ரூமில் ஏழு பேர். அப்போது உள்ளூர்க்காரர்கள் இவர்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதையும் மாமாவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அதை குரூப்பிலேயே கேட்டேன். "அது வேற, இது வேற கண்ணு" என்று பதில் வந்தது. என்ன வேற என்று கேட்டிருக்கிறேன். ரெண்டு நீல டிக் விழுந்து மூணு நாள் ஆச்சு.