காட்டுச் சாலையின் பாதிப்பு தார் விளிம்போடு முடிவதில்லை

“10 மீட்டர் அகலச் சாலை பெரிய காட்டை என்ன செய்துவிடும்? ஒவ்வொரு திட்டமும் சின்னதுதான், பாதிப்பே இல்லை” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

முதலில் கணக்கு. 10 கிலோமீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்றால் சாலை எடுத்துக்கொள்வது 10 ஹெக்டேர். சரி. ஆனால் வெயிலும் காற்றும் களைச்செடியும் இருபுறமும் 100 மீட்டர் உள்ளே போனாலே இன்னும் 200 ஹெக்டேர் காட்டின் தன்மை மாறிவிடும்.

அப்புறம் மழை. மண் சாலையில் ஓடும் தண்ணீர் ஓரக் கால்வாய் வழியாகக் கலங்கலாக ஓடையில் இறங்கும். மீன் முட்டையிடும் கூழாங்கற்களின் இடுக்குகளை வண்டல் அடைக்கும். அதே நீர்ப்பிடிப்பில், அதாவது மழைநீர் வடிந்து அந்த ஓடைக்கு வரும் நிலப்பரப்பில், மரம் வெட்டும் பணியும் நடந்தால், அந்த மண்ணும் அதே ஓடைக்குத்தான் வரும். திட்டங்களுக்குக் கோப்பு வேறு வேறு, ஓடை ஒன்றுதான். அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்கிறோம்.

உலகின் நிலப்பரப்பைச் சாலைகள் சுமார் 6 லட்சம் துண்டுகளாக்கியிருப்பதையும், அவற்றில் பாதிக்கு மேல் 1 சதுர கிலோமீட்டருக்கும் குறைவானவை என்பதையும் ‘சயின்ஸ்’ இதழில் 2016இல் வந்த ஆய்வில் பார்க்கலாம்.

எல்லாச் சாலையும் வேண்டாம் என்பதல்ல. சரியான இடத்தில் சாலைக்கு அடியில் தண்ணீர் போக மதகு வைத்தால், பயன்படாத சாலையை மூடினால் சேதம் குறையும். குறிப்பிட்ட திட்டம் பற்றிச் சந்தேகமா? அதன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் ஒட்டுமொத்தப் பாதிப்பு பற்றிய பகுதியைப் படியுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.